நிரப்பியே தீர வேண்டிய கட்டம்

மேடையில் தலைமை ஏற்றிருக்கும் நம் தொழிலாளர் பாதுகாப்பு மன்றத்தின் தலைவர் அம்மையார் வெங்கடம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மறைந்த பொறியாளர் மாதவன் அவர்களின் துணைவியார் சரஸ்வதி அவர்களே, மத்தூரிலிருந்து வந்திருக்கும் அவருடைய உறவினர்களே, முதல் ஷிப்ட் முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் நேராக இங்கே வந்திருக்கும் தோழர்களே, வாசலில் நின்றபடி உள்ளே வரலாமா கூடாதா என்று தயங்கிக்கொண்டிருப்பவரே, எல்லோருக்கும் வணக்கம். வாசலில் நிற்பவர் உள்ளே வாருங்கள். தூணுக்குப் பக்கத்தில் நாற்காலி இருக்கிறது.

எனக்குப் பின்னால் இருக்கும் பேனரைப் பாருங்கள். படம் இருக்கிறது. பொறியாளர் மாதவன் என்ற பெயர் இருக்கிறது. அதன் கீழே ஒரு வரிக்கான இடம் காலியாக இருக்கிறது. அச்சகத்தில் அந்த இடத்தில் என்ன போடுவது என்று கேட்டார்கள். மாதவனிடம் தொழில் கற்று, அவருடனேயே வேலை செய்த தம்பி அருள்ஜோசப் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "அண்ணா, பாதுகாப்பு வல்லுநர்னு போடவா, மக்கள் தொண்டர்னு போடவா?" என்றார். இரண்டும் சரியாகப் படவில்லை. கடைசியில் அவரே, "தெரியலன்னா விட்டுடணும்னு மாதவன் அண்ணன் சொல்வாரு" என்று சொல்லி அப்படியே அச்சடிக்கச் சொல்லிவிட்டார். அந்தக் காலி இடம் அச்சகத்தின் பிழை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மாதவன் என்ன வேலை செய்தார்? இந்தக் கேள்வியை அவருடைய தெருக்காரர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி முடித்துவிடலாம். அவர் அப்படி முடிக்க விட மாட்டார். ஆகவே சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

ஒரு இயந்திரத்துக்குக் கையேடு இருக்கிறது. அதில் எது தலைப்பு, எது எச்சரிக்கை, எது உதிரி பாகத்தின் எண் என்று நம் கண்ணுக்குத் தெரியும். கணினிக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு பகுதியையும் ஒரு பெயரால் திறந்து அதே பெயரால் மூட வேண்டும். அதைத் தொழிலில் டேக் என்கிறார்கள். நிரப்புகிறவரின் திரையில் அது ஒரு கட்டமாக வந்து நிற்கும். ஒரு ஆவணத்தில் என்னென்ன கட்டங்கள் இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர், எதைக் காலியாக விடலாம், எதை நிரப்பாமல் மேலே போகவே முடியாது என்று ஆவணம் பிறப்பதற்கு முன்பே முடிவு செய்து எழுதிவைப்பவர் ஒருவர் உண்டு. அவரைத்தான் நாம் இழந்திருக்கிறோம்.

பெயர் வைப்பதில் அவர் எவ்வளவு கறாரானவர் தெரியுமா? ஒரு கிரேன் கையேடு அவர் கைக்கு வந்தது. அவருக்கு முன்னால் செய்தவர் ஒரு டேக்குக்குச் சிவப்புக் கட்டம் என்று பெயர் வைத்திருந்தார். காகிதத்தில் அது சிவப்பாக அச்சானது, ஆகவே அந்தப் பெயர். பிறகு கையேட்டைக் கைபேசியில் படிக்கும்படி மாற்றினார்கள். அதில் நிறமே கிடையாது. மாற்றியவர் சிவப்புக் கட்டம் வெறும் அலங்காரம் என்று நினைத்து, உள்ளே இருந்த வரிகளோடு சேர்த்து எடுத்துவிட்டார். இழுவைக் கயிறு பிரிந்திருந்தால் பாரம் ஏற்றாதே என்ற வரி போய்விட்டது. அச்சுக்கும் திரைக்கும் ஒப்பிட்டுப் பார்த்து அதைப் பிடித்தவர் மாதவன். எந்தச் சேதமும் நடப்பதற்கு முன்பே பிடித்தார். அன்றே அந்தப் பெயரை எச்சரிக்கை என்று மாற்றினார். எனக்கு அவர் சொன்ன விளக்கம் இது: "கலர் போயிடும் சார். எதுக்குக் கலர் அடிச்சோம்ங்கறது போகக் கூடாது."

கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதை வைத்துப் பெயர் வைக்காதே, அது என்னவோ அதை வைத்துப் பெயர் வை. அவசரத்துக்குச் சுருக்காதே. உனக்குப் பின்னால் வருபவன் உன்னைக் கேட்க முடியாத இடத்தில் உட்கார்ந்து அதைப் படிப்பான். இதுதான் அவருடைய பாடம். இந்தப் பாடத்தைப் பிறருக்குச் சொன்ன அதே மனிதர்தான், நண்பர்களே, அவருடைய வாழ்நாள் முழுவதும் அவரைத் துரத்திய ஒரு பெயரையும் வைத்தார்.

அதை மறைத்துவிட்டு இன்று நான் அவரைப் புகழலாம். புகழ்ந்தால் அவர் ஏற்பாரா?

நான் இந்த வட்டாரத்தில் நெடுங்காலமாகச் செய்தி சேகரிப்பவன். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தொழிற்சாலை விபத்துகள் பற்றி எழுதும்போதெல்லாம் கம்பெனிகள் தரும் விபத்து அறிக்கையையும் வாங்கிப் பார்ப்பது என் வழக்கம். ஒரு கட்டத்தில் எனக்கு ஏதோ இடறியது. பிரேக் பாகம் செய்யும் கம்பெனி, வார்ப்புப் பட்டறை, பிஸ்கட் அட்டை செய்யும் ஆலை. முதலாளிகள் வேறு, இயந்திரங்கள் வேறு, சூப்பர்வைசர்கள் பேசும் மொழி வேறு. ஆனால் எல்லா அறிக்கையிலும் ஒரே இடத்தில் ஒரே தலைப்பு: ஆபரேட்டர் எர்ரர். இயந்திரத்தில் நின்றவனின் தவறு. அதன் எதிரே ஏதாவது ஒன்று எழுதப்பட்டிருந்தது. கவனம் சிதறியது. அவசரப்பட்டார். கையுறை அணியவில்லை. கூரையிலிருந்து இரும்புச் சட்டம் விழுந்து ஒருவர் தோள் முறிந்த அறிக்கையில்கூட, மேலே பார்க்கவில்லை என்று எழுதியிருந்தது.

ஒரு சூப்பர்வைசரிடம் ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. "அதை நிரப்பாம விட்டா சேவ் ஆகாதுங்க சார்" என்றார். "எதையாவது போட்டாத்தான் அடுத்த பக்கமே வரும்."

அந்த ஏற்பாட்டைச் செய்தது யார் என்று விசாரித்துக்கொண்டே போனேன். ஒரு மென்பொருள் கம்பெனிக்குப் போனது வழி. அங்கிருந்து பாகலூர் சாலையில் ஒரு மாடி அறைக்குப் போனது. அந்த அறையில் மாதவன் இருந்தார்.

நான் வந்த காரணத்தைச் சொன்னதும் அவர் மறுக்கவில்லை. பழைய கோப்பைத் திரையில் திறந்து, அந்த வரியில் விரலை வைத்தார். பிறகு நடந்ததைச் சொன்னார். தொழிலுக்கு வந்த புதிதில் அந்த வேலை அவருக்கு வந்தது. விபத்து அறிக்கைக்கு ஒரு வடிவம் வேண்டும், மாதிரிக்கு இந்த அறிக்கைகளைப் பார்த்துக்கொள் என்று ஒரு கட்டு காகிதம் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்தவை. எல்லாவற்றிலும் தொழிலாளியின் தவறு என்று ஒரு வரி இருந்தது. மாதிரிகள் அனைத்திலும் இருப்பதால் எல்லா ஆவணத்திலும் இருந்தே தீர வேண்டியது என்று அவர் முடிவு செய்தார். ஆபரேட்டர் எர்ரர் என்று பெயர் வைத்தார். கட்டாயம் என்று குறித்தார். வேலையை ஒப்படைத்தார். வடிவம் சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டும் கிடைத்தது.

இந்தத் தொழிலில் இருப்பவர் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. அவர் யார் மீதும் பழி போட நினைக்கவில்லை. எதிரில் இருந்த காகிதங்களை நம்பினார், அவ்வளவுதான். ஆனால் அந்த வடிவம் அந்தத் தொழிற்சாலையோடு நின்றதா? மென்பொருள் கம்பெனி அதை அடுத்த ஆலைக்குக் கொடுத்தது. அடுத்த ஆலையில் வேலை பார்த்தவர் வேறொரு கம்பெனிக்கு மாறும்போது நகலெடுத்துக்கொண்டு போனார். எல்லையைத் தாண்டிக் கர்நாடகத்துக்கும் போனது. மாதவனைக் கேட்காமலே, மாதவனுக்குத் தெரியாமலே போய்க்கொண்டிருந்தது.

"எடுத்துட முடியாதா?" என்று கேட்டேன்.

"எங்கிட்ட இருந்தா எடுத்துடுவேன் சார்" என்றார். "எங்கெங்க இருக்குன்னே தெரியலயே."

அன்று நான் கிளம்பும்போது மாடிப்படி வரை கூட வந்தார். படியில் நின்றுகொண்டு ஒன்று சொன்னார். பிறகு பல வருடங்களில் எத்தனையோ தடவை அதையே சொல்லக் கேட்டிருக்கிறேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொல்வார். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது சொல்வார். பேசிக்கொண்டிருக்கும் பேச்சை நடுவில் விட்டுவிட்டுச் சொல்வார். "இந்நேரம் எங்கயோ ஒருத்தர் அந்தக் கட்டத்துல எழுதிட்டு இருப்பார் சார்."

அது உண்மைதான். எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒருநாள் கெலமங்கலத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இரண்டு சூப்பர்வைசர்கள். ஒருவர் மற்றவரிடம், "அந்தப் பீகார் பையனுக்கு எர்ரர் போட்டாச்சா?" என்று கேட்டார். "போட்டாச்சு, சிலிப்பாயிட்டான்னு போட்டேன்" என்றார் மற்றவர். வெயிலைப் பற்றிப் பேசுவது போலப் பேசிவிட்டு எழுந்து போனார்கள். மாதவன் கையில் இருந்த கிளாஸ் அப்படியே நின்றது. தான் வைத்த பெயர் தன்னை யாரென்றே தெரியாத மனிதர்களின் வாயிலிருந்து வந்து தன் காதில் விழுவது எப்படி இருக்கும்? நான் அவரிடம் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், போதும்.

இந்த நேரத்தில்தான் நான் அவரைச் சாமல்பட்டிக்கு அழைத்துப் போனேன். தர்ஷினியைப் பார்க்க. தர்ஷினி இதோ, மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அறிக்கையில் அந்தக் கட்டத்தில் கவனக்குறைவு என்று எழுதியிருந்தார்கள். கை ஆறிய பிறகு வேறு வேலை தேடிப் போன இடங்களில், பழைய கம்பெனியில் என்ன ஆனது என்று விசாரித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். விரல் இல்லாததற்காக அல்ல. அந்த ஒரு வார்த்தைக்காக.

மாதவன் தன்னை எப்படி அறிமுகம் செய்துகொள்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார். போய் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, "அந்தப் பேர் வெச்சது நான்தாம்மா" என்றார்.

"நீங்க எந்தக் கம்பெனிங்க?"

"கம்பெனி இல்லம்மா. ரிப்போர்ட்ல எர்ரர்னு ஒரு கட்டம் இருக்குதில்ல, அதுக்குப் பேர் வெச்சவன்."

தர்ஷினி அவரை நிமிர்ந்து பார்த்தார். "என்னை முன்னாடி பாத்திருக்கீங்களா?"

"இல்லம்மா."

"பாக்காமயே எப்படிங்க என் தப்புன்னு பேர் வெச்சீங்க?"

தர்ஷினி கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். பிறகு சொன்னார்: "வெச்சது நீங்கன்னா, நீங்களே எடுத்துடுங்க."

நண்பர்களே, மாதவனின் தொண்டு என்று இன்று நாம் எதைச் சொல்கிறோமோ, அது அந்த ஒரு வாக்கியத்தில் தொடங்கியது.

சம்பாதித்துக்கொண்டிருந்த வேலைகளைக் குறைத்துக்கொண்டு நம் மன்றத்துக்கு வந்தார். விபத்து அறிக்கைக்குப் புதிய வடிவம் எழுதப்போவதாகச் சொன்னார். அந்தக் கூட்டம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நம் தலைவர் அம்மையார் அன்று அவரைச் சும்மா விடவில்லை.

"ஏமப்பா மாதவா," என்றார், "அவங்களுக்கு ஒரு கட்டம் கட்டிக் குடுத்தே. எங்களுக்கு ஒண்ணு கட்ட மாட்டியா? ஓனர் எர்ரர்னு வை. கட்டாயம்னும் வை. கணக்கு நேராயிடும்."

கூடமே சிரித்தது. மாதவனும் சிரித்தார். "வெச்சா என்ன ஆகும்க்கா? என்ன நடந்தாலும் ஓனர் பேரை எழுதிட்டு மூடிடுவாங்க. மெஷினை யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க."

"ஓனரை ஒரு நாள் அங்க நிக்க வை, மெஷின் தானா சரியாயிடும்" என்றார் அம்மையார்.

இப்போதும் சிரிக்கிறீர்கள். நல்லது. அவரும் இருந்தால் சிரித்திருப்பார். ஆனால் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆள் மாறினாலும் அது பழிக்கான கட்டம்தான், எனக்குப் பழிக்கான கட்டமே வேண்டாம் என்றார். புதிய வடிவத்துக்குப் பெயர்கள் கேட்டு அவர் கணினி முன்னால் உட்காரவில்லை. ஷிப்ட் விடும் நேரத்தில் கேட் கேட்டாகப் போய் நின்றார். அடிபட்டவரை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள் என்று தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கேட்டார். ஆபரேட்டர் என்றால் காண்டிராக்டில் வந்த துப்புரவுப் பெண்ணைச் சேர்க்குமா? சேர்க்காது. பாதிக்கப்பட்டவர் என்றால் பக்கத்தில் நின்று தப்பித்தவரைச் சேர்க்குமா? அதுவும் சேர்க்காது. கடைசியில், நின்றவர் என்று வைத்தார். அந்த இடத்தில் நின்றவர். அது யார் மீதும் எதையும் சுமத்தவில்லை. அது உண்மையாகவும் இருந்தது.

நின்றவர். நின்ற இடம். இயந்திரம் செய்தது. நின்றவர் சொல்வது. பார்த்தவர் சொல்வது. இப்படிப் போகிறது அந்த வடிவம். காரணம் என்றும் ஒரு கட்டம் உண்டு, அதைக் காலியாக விடலாம். ஒரே ஒரு கட்டத்தை மட்டும் கட்டாயம் என்று குறித்தார். அதற்கு அவர் வைத்த பெயர், இன்னும் தெரியாதது.

அருள்ஜோசப் இதை எதிர்த்தார். "அண்ணே, எல்லாம் தெரிஞ்சுபோன கேஸ்ல அதுல என்னத்த எழுதறது?"

"எல்லாம் தெரிஞ்ச கேஸ் ஒண்ணு கொண்டா," என்றார் மாதவன், "அன்னிக்கே எடுத்துடறேன்."

அருள்ஜோசப் இன்றுவரை ஒன்றும் கொண்டு வரவில்லை.

பழைய அறிக்கைகளில் இருக்கும் அந்தப் பெயரை மாற்றிவிடலாமே, கணினியில் அது சின்ன வேலைதானே என்று கேட்டவர்கள் உண்டு. அவர் ஒப்பவில்லை. அறிக்கையில் அப்படி எழுதினார்கள் என்பதும் நடந்த விஷயம், அதை அழித்தால் அது இரண்டாவது பொய் என்றார். பழைய வரி இருக்க வேண்டும், அதன் பக்கத்தில் நின்றவரின் சொல்லும் இருக்க வேண்டும் என்றார். தர்ஷினியின் சொல்லை அப்படித்தான் முதலில் எழுதினார். அந்தப் பிரஸ்ஸை இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் இறங்கும்படி செய்திருக்கிறார்கள். அதில் ஒரு பொத்தானை, தர்ஷினி வேலைக்குச் சேர்வதற்கு முன்பே யாரோ டேப் ஒட்டி அழுத்தி வைத்திருந்தார்கள். அறிக்கையில் இது இல்லை. ஏன் இல்லை? அதை எழுத ஒரு கட்டம் இல்லை. கம்பெனி பழைய வார்த்தையை நீக்கவில்லை. ஆனால் தர்ஷினி சொன்னதை அதன் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தது. அந்த வார்த்தை அதற்குப் பிறகு தனியாக நிற்கவில்லை. தர்ஷினிக்கு வேலையும் கிடைத்தது. விடுமுறை நாட்களில் அடிபட்டவர்களின் வீடு தேடிப் போய் அவர்கள் சொல்வதைப் பதிந்து வருபவர் இப்போது அவர்தான்.

தர்ஷினி முதன்முதலில் நம் மன்றத்துக்கு வந்த நாளும் எனக்கு நினைவிருக்கிறது. கூட்ட முடிவில் எல்லோரும் வலது கையை உயர்த்தி உறுதி ஏற்பது நம் வழக்கம். விரல் உள்ள கை, இல்லாத கை, எல்லாம் சேர்ந்து உயரும். தர்ஷினி தயங்கினார். மாதவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவரும் அதுவரை நம் உறுதிமொழியில் கை உயர்த்தாதவர், நான் உயர்த்த உரிமை இல்லாதவன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அன்று தர்ஷினி கையை உயர்த்திய பிறகு, எல்லோருக்கும் கடைசியாக, அவருடைய கையும் மெதுவாக உயர்ந்தது.

இனி அவருடைய மரணத்தைப் பற்றிப் பேச வேண்டும். போலீஸ் விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. அந்தத் தொழிற்சாலையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

பழைய வடிவத்தை இன்னும் வைத்திருந்த ஒரு ஆலை, வெகுகாலம் மறுத்த பிறகு, அதை மாற்றுவது பற்றிப் பேச அவரை வரச் சொன்னது. போனார். கேட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போகும் வழி, சரக்கு ஏற்றும் இடத்தைக் கடந்து போகிறது. அங்கே சரக்கைத் தூக்கிச் செல்லும் ஒரு ஃபோர்க்லிஃப்ட் வண்டி, பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பின்பக்கமாக நகர்ந்து வந்தது. மாதவன் அதன் பின்னால் நின்றிருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைக்கவில்லை.

அன்றே அந்த ஆலை விபத்து அறிக்கை எழுதியது. எந்த வடிவத்தில் எழுதியிருப்பார்கள்? அவர்களிடம் இருந்தது ஒன்றுதானே! ஆபரேட்டர் எர்ரர் என்ற கட்டம் வந்தது. நிரப்பாமல் மேலே போக முடியாது. நிரப்பினார்கள். வெளியிலிருந்து வந்த மாதவன் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைக் கவனிக்காமல் நின்றார், என்று எழுதினார்கள்.

நான் எத்தனையோ அறிக்கைகளைப் படித்தவன். அந்த ஒன்றை முழுதாகப் படித்து முடிக்க எனக்கு நேரம் பிடித்தது. எங்கயோ ஒருத்தர் எழுதிட்டு இருப்பார் சார். எழுதிவிட்டார், மாதவன். உங்கள் பெயரையே எழுதிவிட்டார்.

சரஸ்வதி அம்மாவோடு தலைவர் அம்மையாரும் நானும் அந்த ஆலைக்குப் போனோம். அலுவலகத்தில் எங்களை மரியாதையாகவே நடத்தினார்கள். உட்கார வைத்து, திரையைத் திருப்பிக் காட்டினார் அங்கிருந்த அதிகாரி. தலைவர் அம்மையார், செத்துப்போனவர் மேல் இப்படி எழுதலாமா என்று கேட்டார். அதிகாரி உடனே ஒப்புக்கொண்டார். "உங்களுக்கு இது கஷ்டமா இருந்தா மாத்திடறோம் மேடம். டிரைவர்னு போட்டுடலாம்" என்றார். விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். வெள்ளைச்சாமி என்ற பெயரின் முதல் எழுத்துகள் திரையில் வந்தன.

வெள்ளைச்சாமிதான் அந்த வண்டியை ஓட்டியவர். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து இங்கே பிழைக்க வந்தவர். அந்தக் கட்டத்தில் அவர் பெயர் ஏறினால் லைசென்ஸ் போகும், வேலை போகும், போலீஸ் எடுத்துப் பார்க்கும் முதல் காகிதமும் அதுவாகத்தான் இருக்கும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கணத்தில் என் நண்பனின் பெயர் அங்கிருந்து போனால் போதும் என்றுதான் எனக்கு இருந்தது. தலைவர் அம்மையாரும் பேசாமல் இருந்தார்.

பேசியவர் சரஸ்வதி அம்மா. "யார் பேரும் வேண்டாங்க. காலியா விட்டுடுங்க" என்றார்.

"விட்டா சேவ் ஆகாதுங்க மேடம். சிஸ்டம் எடுத்துக்காது."

"தெரியுங்க," என்றார் அவர். "அதை எழுதுனது எங்க வீட்டுக்காரர்தான்."

அந்த அதிகாரிக்கு அதுவரை அது தெரியாது. அவர் கை விசைப்பலகையிலிருந்து விலகியது. வெளியே வண்டிகள் பின்பக்கமாக நகரும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

சரஸ்வதி அம்மா சொன்னார்: "அப்ப அவர் பேரே இருக்கட்டும். அவர் கட்டுன கட்டம், அவரே இருந்துக்கட்டும். அந்தத் தம்பியை அதுக்குள்ள விடாதீங்க."

தோழர்களே, கணவன் இறந்த துக்கத்தில், அவர்மேல் எழுதப்பட்ட பழியை எடுக்க ஒரு வழி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, ஒரு பெண் இதைச் சொன்னார். மாதவன் நம்மிடம் பல வருடங்களாகப் பேசியதை அவர் ஒரு வாக்கியத்தில் செய்து காட்டினார். இதற்கு மேல் என்ன அஞ்சலி இருக்கிறது? அதிகாரி எழுத்துகளை அழித்தார். அந்த அறிக்கையில் இன்றும் மாதவன்தான் இருக்கிறார்.

அதன் பக்கத்தில் வைக்க நம் மன்றம் ஒரு அறிக்கை எழுதியது. மாதவனின் வடிவத்தில். பார்த்தவர் சொல்வதைக் கேட்க வேண்டும். பார்த்தவர் வெள்ளைச்சாமி. வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அவர் அறையிலேயே இருந்தார். தர்ஷினி போனார். முதலில் அவர் கதவைத் திறக்கவில்லை. தன்மேல் எழுத வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். தர்ஷினி தன் கையை ஜன்னலில் காட்டி, "எம்மேலயும் எழுதுனாங்க அண்ணா. நான் எழுத வரல, கேக்க வந்தேன்" என்ற பிறகு திறந்தார்.

அவர் சொன்னதை, ஒரு சொல்லும் மாற்றாமல், அவர் அனுமதியோடு இங்கே படிக்கிறேன்.

"நான் திரும்பிப் பாத்துட்டுத்தான் பின்னால எடுத்தேன். கண்ணாடியில ஒரு பக்கம் பெட்டிதான் தெரிஞ்சுச்சு. இன்னொரு பக்கம் அவுக தெரிஞ்சாக. அங்கன நின்னுக்கிட்டு கைய மேல தூக்குனாக. நிப்பாட்டச் சொல்லுதாகளா, யாரையும் கூப்பிடுதாகளா, ஒண்ணும் வெளங்கல. நான் பிரேக்க மிதிக்கிறதுக்குள்ள ஆயிப்போச்சு. கண்ண மூடுனா அந்தக் கைதான்யா தெரியுது."

அவ்வளவுதான். நானும் அந்த இடத்துக்குப் போய் நின்று பார்த்தேன். ஒரு பக்கம் சுவர். ஒரு பக்கம் தகரத் தடுப்பு. தலைக்கு மேலே ஒரு அறிவிப்புப் பலகை இருக்கிறது, தூசியில் படிக்க முடியவில்லை. அதைக் காட்டினாரா? வேறு யாரையாவது விலகச் சொன்னாரா? வண்டியை நிறுத்தச் சொன்னாரா? எதுவும் இருக்கலாம். ஒரு செய்தியாளனுக்கு இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதிவிடுவது சுலபம். பிறரைக் காக்கக் கையை உயர்த்தியபடி உயிர் நீத்தார் என்று எழுதினால் நீங்கள் எல்லோரும் கண்ணீர் விடுவீர்கள். எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரியாது. வெள்ளைச்சாமிக்கும் தெரியாது. மாதவனுக்கு மட்டும் தெரியும்.

அருள்ஜோசப் அந்த அறிக்கையை எங்கள் கண் முன்னால் நிரப்பினார். நின்றவர், மாதவன். நின்ற இடம் எழுதினோம். இயந்திரம் செய்தது எழுதினோம். பார்த்தவர் சொல்வது எழுதினோம். நின்றவர் சொல்வது என்ற கட்டம் வந்தபோது அருள்ஜோசப் எழுந்து வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தார். அதைக் காலியாக விட்டோம். காரணம், அதையும் காலியாக விட்டோம். கடைசியில், மாதவன் கட்டாயம் என்று குறித்த அந்த ஒரே கட்டம் வந்து நின்றது. இன்னும் தெரியாதது.

அவர் கையை ஏன் தூக்கினார், என்று எழுதினோம்.

பொத்தானை அழுத்தினார் அருள்ஜோசப். ஏற்றுக்கொண்டது.

அன்பு நண்பர்களே, நம் வேலை இன்னும் எஞ்சியிருக்கிறது. அவர் வைத்த பழைய பெயர் இந்த வட்டாரத்தில் இன்னும் உலவுகிறது. இந்நேரம் எங்கேயோ ஒருவர் அந்தக் கட்டத்தில் எழுதிக்கொண்டிருப்பார். அது எந்த ஆலையில் இருக்கிறது என்று உங்களில் யாருக்குத் தெரிந்தாலும் அருள்ஜோசப்பிடம் சொல்லுங்கள். அவர் போவார். அடிபட்டவர் யார் என்று தெரிந்தால் தர்ஷினியிடம் சொல்லுங்கள். அவர் கேட்டு வருவார். நானும் கூடப் போவேன். எந்த அறிக்கையும், நின்றவரின் சொல் பக்கத்தில் இல்லாமல், தனியாக நிற்க இனி விட மாட்டோம். இது மாதவன் பெயரால் நாம் ஏற்கும் உறுதி.

உறுதி ஏற்கும்போது வலது கையை உயர்த்துவது நம் வழக்கம். இன்று தலைவரிடம் ஒரு அனுமதி கேட்கிறேன். வாசலில் தயங்கி நின்று, நான் கூப்பிட்ட பிறகு தூணுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் வெள்ளைச்சாமி. சரஸ்வதி அம்மாதான் அவரை வரச் சொல்லி ஆள் அனுப்பியவர். இந்தக் கூடம் முழுக்க ஒரே சமயத்தில் கைகள் உயர்வதை அவர் பார்க்க வேண்டாம். ஆகவே இன்று மட்டும் நம் கைகள் கீழேயே இருக்கட்டும். உயர்ந்த கை அது ஒன்றாகவே இருக்கட்டும்.

எழுந்து நில்லுங்கள். மாதவன் நின்றதைப் போல, சும்மா நிற்போம்.